சுவரைப் பார்த்து எழுதிய அறிக்கை

எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களின் வீட்டுக்கு முதல் முறை போனால் நான் முதலில் பார்ப்பது சுவரைத்தான். சப்பாத்தைக் கழற்றி, குளிர் ஜாக்கெட்டைக் கொழுவி, "வாங்கோ, இருங்கோ" என்று வீட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் என் கண் வரவேற்பறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய கடதாசி. பட்டமளிப்புப் படம் எத்தனை தொங்குகிறது என்று பார்த்தால், அந்தக் குடும்பம் ஒஸ்லோவில் எப்படி வாழ்கிறது என்று கேட்காமலே தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். என் எண்ணம் மட்டுமல்ல, எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. நோர்வேயில் மாணவர்கள் அங்கி போட்டுப் படம் எடுக்கிற வழக்கம் பெரிதாக இல்லை. அதனால் என்ன, மருத்துவம் படிக்கப் போலந்துக்கும் ஹங்கேரிக்கும் போன பிள்ளைகள் அங்கிருந்து படத்தோடு வந்தார்கள். மற்றவர்கள் ஸ்ரூடியோவில் அங்கியை வாடகைக்கு எடுத்தார்கள்.

என் வீட்டிலும் என் பிள்ளைகளின் அங்கிப் படங்கள் இரண்டு உண்டு. லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று, பால் காய்ச்சிய கையோடு நான் செய்த அடுத்த வேலை அந்த இரண்டு படங்களுக்கும் ஆணி அடித்ததுதான்.

இதைச் சொல்லி நானே சிரித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது சிரிக்க முடியவில்லை. என்னுடைய இந்தப் பழக்கத்தால் ஒரு தாய் ஒஸ்லோவிலும் அவளுடைய மகள் கென்யாவிலும் பிரிந்து கிடக்கிறார்கள். யாரும் என்மேல் வழக்குப் போடவில்லை, யாரும் திட்டக்கூட இல்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

நான் நகரத்தின் ஒரு பகுதி நிர்வாக அலுவலகத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கான பிரிவில் வேலை செய்கிறேன். அதற்கு முன் பாலர் பாடசாலையில் உதவியாளர். அதற்கும் முன் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தேன். அகதியாக வந்து இந்தக் கதிரையில் இருக்கிறேன் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

ஒருநாள் என் மேலதிகாரி கூப்பிட்டார். என் மகனின் வயதுதான் இருக்கும், மிகவும் மரியாதையான நோர்வேக்காரர். ஒரு வருடப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு அனுமதி கிடைத்திருந்தது. மொழியும் முதியோர் பராமரிப்பும் சேர்ந்த படிப்பு. படிக்கிறபோதே முதியோர் இல்லத்தில் பயிற்சி, முடித்தவர்களுக்கு நிலையான வேலையில் முன்னுரிமை. ஆனால் ஒரு குழுவுக்குத்தான் இடம். கேட்டு விண்ணப்பித்திருந்தவை இரண்டு: கென்யப் பெண்களின் சங்கம், எல் சல்வடோர் நாட்டவரின் சங்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு வீடுகளுக்குப் போய், வேலை, வீடு, மொழி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பார்த்து, இரண்டு சமூகங்களையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை எழுதித் தரச் சொன்னார்.

"எங்களுக்குத் தெரியாதது உங்கள் கண்ணுக்குத் தெரியும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒப்பிடுவது எங்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டிய வித்தையா? கலியாண வீட்டில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறபோதே நாங்கள் செய்கிற வேலை அது. பாகிஸ்தான்காரர் கடை போட்டார்கள், வியட்நாம்காரர் சத்தமில்லாமல் முன்னேறினார்கள், நாங்கள் படித்தோம், இந்தியாவிலிருந்து வந்த ஐ.டி. தமிழர் படித்துவிட்டே வந்தார்கள் என்று நாட்டுக்கு ஒரு வரி எங்களிடம் தயாராக இருக்கும். கென்யருக்கும் சல்வடோர்க்காரருக்கும் மட்டும் வரி இல்லாமல் இருந்தது. அதை எழுதத்தான் புறப்பட்டேன்.

முதலில் பியோர்ண்டாலுக்கு, சல்வடோர் வீடுகளுக்குப் போனேன். அதில் ஒரு வீட்டை மட்டும் சொன்னால் போதும், மற்ற மூன்றும் ஏறக்குறைய அப்படித்தான்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். அவர்களுடைய நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் கணவனோடு வந்தவர். ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை. என்னை மேசையில் இருத்தி, சோளமாவுக்குள் அவரை விதையை மசித்து வைத்துத் தட்டிய ரொட்டியைச் சுடச்சுடப் போட்டுக்கொண்டே முறையிடத் தொடங்கினார். முதுகு நோகிறது. சமையலறையில் ஆள் போதாது. மகன் படிக்கவில்லை, பதினாறு வயதிலேயே புத்தகத்தை மூடிவிட்டான். அலுவலகத்துக்குக் கடிதம் போட்டால் பதில் வர மாதக்கணக்காகிறது. அதைச் சொல்லும்போது அந்த அலுவலகமே நான்தான் என்பதுபோல என்னை முறைத்தார்.

நான் சுவரைப் பார்த்தேன். மாதா படம் ஒன்று. ஏதோ குழாய் வேலைக் கொம்பனியின் கலண்டர் ஒன்று. ஒரு கலியாணப் படம். அங்கியும் இல்லை, தொப்பியும் இல்லை. குறிப்புப் புத்தகத்தில் 'கல்வி: பின்தங்கிய நிலை' என்று எழுதினேன். எழுதும்போது மனதில் ஓர் இரக்கம் வந்தது. இவ்வளவு வருடம் இருந்தும் பாவம், இந்தச் சனத்தால் எழும்ப முடியவில்லையே என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை ரொம்சோஸ். கென்ய வீடுகள். ரொம்சோஸில் நாங்களும் முதலில் வாடகைக்கு இருந்தவர்கள், அந்த லிஃப்டின் மணம் வரைக்கும் எனக்குப் பழக்கம். நாலாவதாகப் போன வீடு ஐந்தாம் மாடியில் இருந்தது.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல மஞ்சள் சட்டை, தலையில் அதே நிறத்தில் துணி. கென்யாவில் கிசுமு நகரத்தில் ஆசிரியையாக இருந்தவள். நோர்வேக்காரர் ஒருவரைக் கட்டி வந்து, பிறகு பிரிந்து, தனியாக இருந்தாள். எங்களைப் போலவே பாலும் சீனியும் சேர்த்துக் கொதிக்க வைத்த தேத்தண்ணி தந்தாள். நான் குடித்துக்கொண்டே நிமிர்ந்தேன். சுவர் முழுக்க அங்கிகள்! ஏழோ எட்டோ. பெண்கள், இளம் பொடியன்கள், கண்ணாடி போட்ட ஒருவர். நான் போன மற்ற மூன்று கென்ய வீடுகளிலும் இப்படித்தான் இருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். எங்கள் ஆட்கள் இவர்கள் என்று நினைத்தேன்.

எங்கள் பேச்சு நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில்தான் நடந்தது. என் காதில் எல்லாம் என் தமிழாகவே விழுந்து பழகிவிட்டதால் அப்படியே தருகிறேன்.

"வேலை எப்பிடி?" என்று கேட்டேன்.

"நல்லாப் போகுது. முதியோர் இல்லத்திலை. அவைக்கு என்னிலை நல்ல விருப்பம்."

"வீடு?"

"பிரச்சினை இல்லை."

"பிள்ளையள்?"

அப்போது அவள் முகம் மலர்ந்தது. "ஒரு மகள். கிசுமுவிலை என்ர தங்கச்சியோடை இருக்கிறா. பதினாறு வயசு. இஞ்சை வரப்போறா. அவவுக்கு ஒரு அறை வைச்சிருக்கிறன்." அறையைத் திறந்தும் காட்டினாள். கட்டில், நீலப் போர்வை, மேசை விளக்கு. எல்லாம் புதிது. விளக்கின் விலைச்சீட்டு கூட இன்னும் கழற்றவில்லை.

"இந்தக் கூர்ஸ் கிடைக்குமோ?" என்று வாசலில் வைத்துக் கேட்டாள். கூர்ஸ் என்றால் நான் சொன்ன பயிற்சி வகுப்பு. "கிடைச்சால் ஃபாஸ்ட் வேலை எடுத்திடுவன்." ஃபாஸ்ட் என்பது நிலையான வேலை.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. பிள்ளையைக் கூப்பிடுவதற்குத் தாய்க்கு நிலையான வருமானம் வேண்டும், பிள்ளைக்குப் பதினெட்டு ஆவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். இது என் அலுவலகத்தில் தினமும் நான் பத்துப் பேருக்கு விளங்கப்படுத்துகிற சட்டம். நிலையான வேலையைப் பற்றி அவள் வாய்விட்டுக் கேட்கிறாள் என்றால் இப்போது இருப்பது கூப்பிட்டால் மட்டும் போகிற வேலை என்று ஒரு குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. இல்லை, பொய் சொல்லக்கூடாது. தெரிந்தது. படியிறங்கும்போது மனதில் ஏதோ நெருடியது. ஆனால் அதற்குள் எனக்கு ஒரு வசனம் கிடைத்துவிட்டது.

அந்த வசனம் இதுதான்: 'கென்யச் சமூகம் குறுகிய காலத்தில் கல்வியாலும் உழைப்பாலும் நிமிர்ந்து நிற்கிறது, சல்வடோர்ச் சமூகமோ நீண்ட காலம் இருந்தும் உதவியை எதிர்பார்த்து நிற்கிறது.' பேருந்தில் இருந்து கைத்தொலைபேசியில் எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். அவ்வளவு பிடித்திருந்தது. நாலும் நாலும் எட்டு வீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு நாட்டுக்கும் தீர்ப்பு எழுதினேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அறிக்கையின் முடிவில், உதவி அதிகம் தேவைப்படுவது சல்வடோர்க்காரருக்கே என்று பரிந்துரைத்தேன். மேலதிகாரி பாராட்டினார். வகுப்பு அவர்களுக்குப் போனது.

நான் செய்ததை மன்னிக்க முடியாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் ரொம்சோஸில் இருந்த முதல் வருடத்தில், அகதிகளுக்குப் பொறுப்பான ஒரு நோர்வேப் பெண்மணி எங்களைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. வீட்டில் இருந்தது ஒரு மெத்தையும் இரண்டு பிளாஸ்ரிக் கதிரையும். அன்று காலை நானும் கணவரும் கீழ் வீட்டுத் தமிழ்க் குடும்பத்தின் சோபாவைத் தூக்கிக்கொண்டு மாடியேறினோம். திரைச்சீலை இன்னொரு வீட்டிலிருந்து வந்தது. ஒரு கோப்பையில் தோடம்பழம் அடுக்கி வைத்தேன், அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் சாப்பிடவில்லை. அந்தப் பெண்மணி, "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டார். "எல்லாம் நல்லா இருக்கு" என்றேன். குளிருக்குப் போடச் சரியான சப்பாத்து இல்லாமல் பேருந்துத் தரிப்பிடத்தில் நான் கால் மாற்றி மாற்றி நின்ற காலம் அது. கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். கேட்க வெட்கம். வந்தவர் போனதும் சோபாவைத் திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

இவ்வளவும் செய்த நான்தான் அந்த மஞ்சள் சட்டையைப் பார்த்து ஏமாந்தேன்.

ஒரு வருடம் கழித்து வகுப்பு முடிந்தது. அதற்கும் ஐந்து மாதம் கழித்து, சான்றிதழ் கொடுக்கிற சின்ன விழாவைப் பயிற்சி நடந்த முதியோர் இல்லத்திலேயே வைத்திருந்தார்கள். நான் கேக்கோடு போனேன். இருபது கதிரை போட்டிருந்தது, வந்திருந்தது ஆறு பேர். மற்றவர்கள் இடையிலேயே விட்டுவிட்டார்களாம். எனக்கு ரொட்டி சுட்டுத் தந்த அம்மாவும் இடையில் விட்டவர்தான், வந்த ஆறு பேரில் ஒருத்தியான தன் மச்சாளைப் பார்க்க வந்திருந்தார்.

"நீங்கள் ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"எனக்கு வேலை இருக்குத்தானே. இருபத்தைஞ்சு வருசமா ஃபாஸ்ட். சங்கத்திலை எல்லாரும் பேர் குடுத்தவை, நானும் குடுத்தன்." பிறகு ஒரு துண்டுக் கேக்கை எடுத்துக்கொண்டு சொன்னார்: "மகன்ர கொம்பனியிலையும் ஆள் காணாது. கணக்கு வழக்கை நான்தான் பாக்கிறன்."

"எந்தக் கொம்பனி?"

"குழாய் வேலை. கலண்டர் தரட்டோ?"

சுவரில் தொங்கிய கலண்டர்! பதினாறு வயதில் புத்தகத்தை மூடிய மகன் தொழில் பழகி, சொந்தக் கொம்பனி நடத்தி, எட்டுப் பேருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தான். பியோர்ண்டால் வீடும் எப்போதோ சொந்தமாக வாங்கியது. அந்த அம்மா என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. முதுகு நோ உண்மை, கடிதத்துக்குப் பதில் வராததும் உண்மை. காலூன்றி நிற்கிறவர் அலுவலகத்திடம் குறை சொல்வார், அவருக்கு அதில் பயம் ஒன்றும் இல்லை. அந்தரத்தில் நிற்கிறவர்தான் எல்லாம் நல்லது என்பார். நான் இரண்டையும் தலைகீழாக எழுதி வைத்திருந்தேன்.

கேக் தட்டைக் கழுவத் தாழ்வாரத்தால் போனபோது, சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். அந்தக் கென்யப் பெண். என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"இஞ்சையோ வேலை?" என்றேன்.

"விகார்தான். கூப்பிட்டால் வருவன். இண்டைக்குக் காலமை ஆறு மணிக்குக் கூப்பிட்டவை." விகார் என்பது ஆள் வராத இடத்துக்கு அன்றாடம் எடுக்கிற வேலை. கதவின் கண்ணாடியால் உள்ளே காலியாக இருந்த கதிரைகள் எங்கள் இருவருக்கும் தெரிந்தன.

கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "மகள் எப்ப வாறா?"

"போன மாதம் அவவுக்குப் பதினெட்டு." வண்டியை ஒரு பக்கமாக ஒதுக்கி எனக்கு வழிவிட்டாள். "சாப்பாடு ஆறிப்போகும், வாறன்."

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ எழுதாட்டி வேறை ஆராவது எழுதியிருப்பினம். விடு" என்றார். மேலதிகாரியிடமும் போனேன். நடைமுறை எல்லாம் சரியாகத்தான் நடந்தது என்றும், அடுத்த முறை கென்யச் சங்கத்தைக் கவனிக்கலாம் என்றும் ஆறுதல் சொன்னார். அடுத்த முறையில் அந்தப் பிள்ளையின் வயது குறையுமா என்று கேட்கத் தோன்றியது. அவர்மேல் எனக்கு ஏன் கோபம் வரவேண்டும்? சுவரைப் பார்த்தது அவர் இல்லை.

இரண்டு கிழமை தூங்கி எழும்பும்போதெல்லாம் அதே நினைவு. கடைசியில் ஒரு சனிக்கிழமை பகல், பற்றீஸ் பொரித்து ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு ரொம்சோஸுக்குப் போனேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதுதான் நோக்கம். லிஃப்டுக்குள் நின்று நொஸ்க்கில் இரண்டு வசனங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே போனதும், வெட்கம் கெட்ட என் கண் மறுபடி சுவருக்குத்தான் போனது. சுவர் வெறுமையாக இருந்தது. ஒரே ஒரு படம். மற்ற இடமெல்லாம் ஆணி அடித்த சின்னச் சின்ன ஓட்டைகள்.

அவள் என் பார்வையைக் கவனித்துவிட்டாள்.

"இது நான், ஆசிரியர் கல்லூரியிலை. மற்றதெல்லாம் என்ர இல்லை" என்று சிரித்தாள். "சங்கத்து ஆக்களின்ர. நீங்கள் வாறியள் எண்டு நாலு வீட்டுக்கும் அந்தப் படங்களைக் கொண்டு திரிஞ்சனாங்கள். ஒரு வீட்டிலை பாத்த முகத்தை மற்ற வீட்டிலை கண்டுபிடிச்சிடுவியளோ எண்டு எங்களுக்கு ஒரே பயம்."

நான் கண்டுபிடிக்கவில்லை. நாலு வீட்டிலும் அதே கண்ணாடி போட்ட மனிதர், அதே பெண்கள், அதே பொடியன்கள். நான் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. தொப்பிகளை எண்ணினேன், அவ்வளவுதான். எங்கள் முகங்களை யாராவது அப்படிப் பார்த்திருந்தால் நான் என்ன பாடு படுத்தியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

பயிற்சி எடுத்த இரண்டு வசனங்களும் மறந்துபோயின. வாயில் வந்ததைச் சொன்னேன். "கூர்ஸ் உங்களுக்குக் கிடைக்காததுக்கு நான்தான் காரணம். அறிக்கை எழுதினது நான். நீங்கள் நல்லா இருக்கிறியள், உதவி தேவையில்லை எண்டு எழுதினனான்."

"தெரியும்" என்றாள். தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள். "சங்கத்துக்கு ஒரு பிரதி வந்தது. வாசிச்சம். பிழை உங்களிலை மட்டும் இல்லை, படம் கொழுவினது நாங்கள்தானே."

அவள் எனக்குப் பாதிப் பாரத்தை இறக்கித் தர முயன்றாள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. படம் கொழுவுவது எதற்கென்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும், சோபாவோடு மாடியேறிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மகளின் அறைக் கதவு திறந்திருந்தது. நீலப் போர்வை அப்படியே இருந்தது. மேசையில் விளக்குக்குப் பக்கத்தில் பாடசாலைச் சீருடையில் ஒரு பிள்ளையின் படம், உள்ளங்கை அளவு. போன முறையும் அங்கேயே இருந்ததாம். அருகில் போய்க் கையில் எடுத்துப் பார்த்தேன். தாயின் நெற்றி. முன்பல் இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி. இவ்வளவு நாளும் நான் நினைத்தும் பேசியும் வந்த அந்தப் பிள்ளையின் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"அறிக்கை வந்த அண்டைக்கே அவவுக்குப் போனிலை வாசிச்சுக் காட்டினனான்" என்றாள் தாய், எனக்குப் பின்னால் நின்று. "நிமிர்ந்து நிக்கினம் எண்டு எழுதியிருந்தியள் எல்லோ, அந்த இடத்தை இங்கிலீசிலை சொன்னனான். நல்ல சந்தோசம் அவவுக்கு. திருப்பி வாசிக்கச் சொன்னவ."

நான் படத்தை மேசையில் வைத்தேன்.

"பிறகு கேட்டவ," என்றாள், "'அவ்வளவு நல்லா இருக்கிறியள் எண்டால், ஏனம்மா இன்னும் என்னைக் கூப்பிடுறியள் இல்லை?' எண்டு."